பொட்டு வைத்த வௌவால்

ஆயுத பூசை அன்று காலை பதினொரு மணிக்கு, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு வௌவால் என் மேசையிலிருந்து என்னைப் பார்த்தது. படத்தில் இருந்த வௌவால்தான். ஆனால் அந்தப் படத்துக்கு வயது நூற்றெண்பது. என்னுடையதும் அல்ல.

என் பெயர் லோகேஸ்வரி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், படங்களை அச்சிட்டு பிரேம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு நிற்கும் வரிசை மத்தியானத்தில் என் வாசலை மறித்துக்கொள்ளும், நான் கத்துவேன், வரிசை ஒரு அடி நகரும், மறுநாள் திரும்பவும் அங்கேயே நிற்கும். கடையில் என்னைத் தவிர ஒரே ஆள், குணாளன் அண்ணன். அவர் பிரேம் அடிப்பார், நான் ஸ்கேனரையும் அச்சு இயந்திரத்தையும் பார்த்துக்கொள்வேன். முருகன், பட்டமளிப்பு விழா, போன வாரம் இறந்துபோன தாத்தா என்று இப்படித்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வௌவால் வந்தது மிஸ் யோ என்ற சீனப் பெண்மணியால். பழைய கடைவீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தவள் அவள். சீனர்களுக்கு வௌவால் நல்ல சகுனம். வருகிற வெள்ளைக்காரர்களுக்கோ பழைய காலத்து விலங்குப் படம் என்றால் உயிர். ஆகவே எல்லா அறைகளிலும் பழங்கால வௌவால் படங்களின் பிரதிகள் தொங்க வேண்டும் என்றாள். இணையத்தில் கிடைப்பதைக் காட்டினேன். "அதெல்லாம் எல்லா ஹோட்டலிலும் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லாதது வேண்டும்" என்றாள். விசாரித்து விசாரித்து, கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் இருந்த தம்பு ஐயாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

தம்பு ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாண வம்சம். நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளைஞராக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரையின் சாமான்களை ஏலம் விட்டார்களாம். மற்றவர்கள் நாற்காலியும் கடிகாரமும் எடுத்தபோது இவர் எட்டு வௌவால் படங்களை எடுத்திருக்கிறார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, மேலே கையால் வண்ணம் தீட்டிய படங்கள். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும். நீளக் காதுக்காரன், குதிரை லாடத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டவன், பல்லைக் காட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்பவன். கடைசியில் ஒரு பழந்தின்னி வௌவால். மலாய்க்காரர்கள் கெலுவாங் என்பார்களே, அது. அத்திக் கிளையில் ஒற்றைக் காலால் தொங்கி, சிறகைப் போர்த்திக்கொண்டு, தலைகீழாக நம்மை உற்றுப் பார்க்கும். ஐயாவுக்கு அதன் மேல்தான் கொள்ளை ஆசை.

மூன்று முறை நடையாய் நடந்த பிறகுதான் கொடுத்தார். எட்டுப் படங்களின் விவரத்தையும் பென்சிலால் எழுதி, என்னையே சத்தமாக வாசிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்து வாங்கினார். ஒரு வாரம் தவணை. எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கடைக்கு வந்த முதல் பெரிய வேலை அது. அதைவிட, அந்த எட்டையும் அவர் இதுவரை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

பூசைக்கு முந்தின மாலைதான் கெலுவாங்கை ஸ்கேன் செய்து முடித்தேன். மற்ற ஏழும் உறையில் பத்திரமாக இருந்தன. களைப்பில் இதை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு என் வாய். போன வருடப் பூசையில் குணாளன் அண்ணன் அட்டை வெட்டும் கருவிக்கு மட்டும் பொட்டு வைக்க மறந்துவிட்டார். அடுத்த மாதமே அதன் கத்தி உடைந்து ஒரு கல்யாணப் படத்தை மாப்பிள்ளையின் கழுத்தோடு கிழித்துவிட்டது. அதை நான் பன்னிரண்டு மாதமும் சொல்லிக் காட்டினேன். இந்த வருடம் மாலையும் பொரிகடலையும் வாங்கக் கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினேன்.

"அண்ணே, போன வருசம் மாதிரி ஒண்ணையும் விட்டுறாதீங்க! கடைக்குள்ள என்னென்ன இருக்கோ எல்லாத்துக்கும் பொட்டு வைங்க. ஏதாச்சும் ஒண்ணு விட்டுப்போச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

"சரி தங்கச்சி" என்றார் அண்ணன்.

சொன்னதைச் செய்கிற மனிதர். திரும்பி வந்து பார்த்தால், அச்சு இயந்திரத்துக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, சுத்தியலுக்கு, அளவு நாடாவுக்கு, ஆணி டப்பாவுக்கு, தேநீர் போடும் கெட்டிலுக்கு, என் நாற்காலிக்கு. மேசை நடுவில் கெலுவாங்குக்கு.

நான் போட்ட சத்தத்தில் நாசி கண்டார் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்ன அண்ணே இது! கண்ணு இருக்கா இல்லையா? வௌவாலுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

அண்ணன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். "தலைகீழா இருந்துச்சு தங்கச்சி. நெத்தி எங்கன்னு தேடிப் பார்த்துத்தான் வச்சேன்."

"உங்களை யாரு தேடச் சொன்னா?"

"நீங்கதானே, எல்லாத்துக்கும்னு சொன்னீங்க."

உண்மையைச் சொன்னார் என்பதால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. மூளை இருக்கா, வயசு ஆச்சே, இத்தனை வருசம் என்னத்தைக் கத்துக்கிட்டீங்க என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே கணக்குத்தான். பன்னிரண்டு மணிக்குக் கற்பூரம் காட்டியபோது அண்ணன் ஓரமாக நின்று கும்பிட்டார். பொரிகடலையைத் தொடவில்லை.

மென்மையான தூரிகையால் குங்குமத்தைத் தட்டினேன். தூள் போனது. ஆனால் சந்தனத்தின் ஈரம் தாளுக்குள் இறங்கி, சாயத்தையும் கூட இழுத்துக்கொண்டு போயிருந்தது. துவரம் பருப்பு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், நெற்றிக்கு நேராக, அளவெடுத்து வைத்ததைப் போல. இனித் தொட்டால் தாளே கிழியும் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். மறுநாள் எட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டு, பொட்டு வைத்த என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பொட்டுக்கு முந்தின கெலுவாங் என் கம்ப்யூட்டரில் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து வைத்த எழுதாத தாள்களும் இருக்கின்றன. நான் யார்? பிரதி எடுத்தே பிழைப்பவள்.

நாலு மணிக்குள் முடித்துவிட்டேன். நிறத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். கையால் தீட்டிய இடங்களில் நானும் நீர்வண்ணத்தை ஒரு பூச்சுப் பூசினேன். செப்புத் தகடு அழுந்திய பள்ளம் மட்டும்தான் பாக்கி. கேட்காமலேயே குணாளன் அண்ணன் ஒரு தகட்டை அளவாக வெட்டி, தாளின் மேல் வைத்து அழுத்திக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பொட்டு இல்லாவிட்டால் எது எது என்று எனக்கே தெரிந்திருக்காது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பிரதி நான் போட்டதில்லை. அதில் ஒரு பெருமையும் வந்தது, வெட்கமில்லாமல்.

"தங்கச்சி," அண்ணன் மெதுவாகச் சொன்னார், "இது வேணாமே. நான் செஞ்சேன்னு சொல்லிடுங்க. ஐயா திட்டுனா என்னைத் திட்டட்டும்லா."

"நீங்க சும்மா இருங்க அண்ணே."

மறுநாள் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறினேன். பெரிய உறையில் ஏழு அசலும் ஒரு பிரதியும். தனியாக ஒரு தட்டை அட்டைக்குள் பொட்டு வைத்த அசல். எதற்கு இரண்டையும் எடுத்துப் போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் ஏதாவது புளுகியிருப்பேன். கடல் அமைதியாக இருந்தது. நான்தான் உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பு ஐயா கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். "வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்று உள்ளே அழைத்துப் போய், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு மேசை முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்தையும் எடுத்து, ஓரம் பார்த்து, முதுகு பார்த்து, அடுத்ததற்குப் போனார். எட்டாவது கெலுவாங். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் கண் இன்று ஒரு நாள் மங்கிப்போகட்டும் என்று கடவுளை வேண்டினேன். எழுபத்தெட்டு வயது மனிதருக்கு நான் வேண்டிய வேண்டுதல் அது. பாவி நான்.

ஐயா படத்தைக் கீழே வைத்தார். சிரித்தார்.

"ஒண்டுக்கும் ஒண்டும் ஆகேல்லை. ஏழு இரவு எனக்கு நித்திரையே இல்லைப் பிள்ளை. இண்டைக்குத்தான் நெஞ்சு ஆறுது. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை."

திட்டியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. சந்தேகப்பட்டிருந்தால் சத்தியமே செய்திருப்பேன். மனிதர் நன்றி சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன், அவர் அந்தச் சோற்றை ருசி என்று சாப்பிடுகிறார். எனக்குத் தாங்கவில்லை.

"ஐயா, அது உங்க கெலுவாங் இல்ல. நான் அடிச்சது."

தட்டை அட்டையைப் பிரித்து அசலை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிரதியைப் பார்த்தார். திரும்பவும் அசலைப் பார்த்தார்.

"ஆர் இப்பிடிச் செய்தது?"

"கடையில வேலை பாக்குற அண்ணன் வச்சாரு. ஆனா எல்லாத்துக்கும் வைங்கன்னு வாசல்ல நின்னு கத்துனது நான். படத்தை மேசையில போட்டுட்டுப் போனதும் நான். நேத்து ஆயுத பூசை ஐயா. அவர் மேல தப்பே இல்ல."

"சொல்லாமலே போயிருக்கலாம்."

"போயிருக்கலாம் ஐயா."

அவர் பிரதியைத் திருப்பிப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அதன் முதுகில் 'நகல், லோகேஸ்வரி அச்சிட்டது' என்று எழுதித் தேதியும் போட்டார். "கெட்டிக்காரிதான் நீங்கள்" என்றார். "கெட்டிக்காரரிட்டைத்தான் கவனமா இருக்க வேணும்."

ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரி அழக் கூடாது என்று பல்லைக் கடித்தால், மூக்கு ஒழுகுகிறது.

ஐயா ஏழையும் உறைக்குள் வைத்தார். பொட்டு வைத்ததை அதன் மேல் வைத்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, பின்கட்டில் இருந்த இரும்பு அலமாரியை நோக்கி நடந்தார். அலமாரியில் பழைய மின்விசிறியும், செருப்புப் பெட்டிகளும், பெயிண்ட் டப்பாவும் இருந்தன. என் வாய் சும்மா இருக்குமா?

"ஐயா, இவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்க. ஏன் சுவத்துல மாட்டல?"

அவர் தாடையால் சமையலறையைக் காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கமலம். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து ஒரே பிடி. வௌவால் வீட்டுக்குள்ளை வந்தால் வீடு பாழாப்போகுமாம். நாப்பத்தெட்டு வருசமா இதுக்குள்ளைதான் கிடக்குது. அவ கோயிலுக்குப் போற நேரம் எடுத்துப் பார்ப்பன்."

சொல்லி வாய் மூடவில்லை, கமலாம்பிகை அம்மா தேநீர்த் தட்டோடு வந்துவிட்டார். கணவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அப்புறம் கிட்டே வந்து குனிந்தார்.

"இதென்ன, பொட்டெல்லே வைச்சிருக்குது?"

நடந்ததை நானே சொன்னேன். அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"ஆயுத பூசையிலையோ வைச்சது? கற்பூரமும் காட்டினதோ?"

"காட்டுனோம்மா. மேசையில இருந்ததால அதுக்கும் சேர்த்துத்தான்."

அம்மா ஐயாவின் கையிலிருந்து படத்தை வாங்கினார். அந்தப் படத்தை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை என்று ஐயா பிறகு சொன்னார். "அப்ப என்னெண்டு இதை அலுமாரிக்குள்ளை வைக்கிறது? பூசையிலை வைச்சுக் கற்பூரம் காட்டின படம். செருப்புப் பெட்டிக்குப் பக்கத்திலை போட்டுப் பூட்டேலுமோ? பாவமெல்லே?"

ஐயா மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்டார். "அப்ப எங்கை வைக்கிறது கமலம்?"

"சுவரிலைதான் மாட்ட வேணும், வேறை எங்கை? சாமியறையிலை இல்லை, இப்பவே சொல்லிப்போட்டன். ஹோலிலை மாட்டுங்கோ."

ஐயா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வருடம் வாதாடித் தோற்ற வழக்கை ஒரு துளி குங்குமம் ஜெயித்துக் கொடுத்துவிட்டது. என்னைப் பார்த்தார்; சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருள ஆரம்பித்தது.

"மற்ற ஏழும்?" என்றார் அவர்.

"அதுகளுக்குப் பொட்டில்லையே. அதுகள் வெறும் வௌவால்."

ஐயா எழுந்து சாமியறைக்குள் போனார். திரும்பி வந்தபோது இடது கையில் குங்குமச் சிமிழ், வலது கை மோதிர விரல் முழுக்கச் சிவப்பு. நேராக மேசைக்கு வந்து உறையைத் திறந்து நீளக் காதுக்காரனை வெளியே எடுத்தார். நான் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா! வேணாம் ஐயா! நூத்தி எம்பது வருசப் படம்!"

"விடுங்கோ பிள்ளை. எனக்கு எழுபத்தெட்டு. இன்னும் எத்தினை வருசம் நான் களவாப் பாக்கிறது? அலுமாரிக்குள்ளை சுத்தமா இருந்து ஆருக்குப் பிரயோசனம்?"

அவர் இழுக்க, நான் இழுக்க, நீளக் காதுக்காரனின் காதுக்கு ஒரு விரற்கடை மேலே குங்கும விரல் ஆடிக்கொண்டு நின்றது. நேற்று ஒரு பொட்டுக்காக ஊரைக் கூட்டியவள் நான். இன்று சொந்தக்காரரே ஏழு பொட்டு வைக்கப் போகிறார். நல்லவேளையாக அந்த நேரத்தில் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது.

"பிரேம் போட்டுடலாம் ஐயா! கண்ணாடி போட்டு, கண்ணாடி மேல பொட்டு வைக்கலாம்! சாமி படத்துக்கு அப்படித்தானே வைக்கிறோம்?"

விரல் நின்றது. நாங்கள் இருவரும் கமலாம்பிகை அம்மாவைப் பார்த்தோம். அவர் அவசரப்படவில்லை. சாமியறைப் பக்கம் திரும்பி முருகனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஓம்," என்றார். "முருகனுக்கும் கண்ணாடிக்கு மேலைதான் வைக்கிறன். ஆனால் கற்பூரமும் காட்ட வேணும். வடையை எடுங்கோ பிள்ளை, ஆறிப்போகுது."

நான் சிரித்தேன். ஐயாவும் சிரித்தார். சிரிப்பில் எனக்கு அழுகையும் வந்துவிட்டது. இந்த முறை நான் மூக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான்கு வடை சாப்பிட்டேன். ஹோட்டலுக்கான பிரதிகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "தாராளமா அடியுங்கோ" என்றார் ஐயா. "அதிலை பொட்டு வேண்டாம். அது எங்கடை வௌவாலுக்கு மட்டும்."

கிளம்பும்போது கேட் வரை வந்தார். சனிக்கிழமை எட்டையும் எடுத்துப் போய் பிரேம் போடுவதாக ஏற்பாடு. ஆனால் எட்டும் செபராங் ஜெயாவை விட்டு நகராது, தேவையான சாமான்களை நாங்கள்தான் அவர் வீட்டுக்கு எடுத்து வர வேண்டும் என்று கேட்டைச் சாத்துவதற்குள் அந்த ஏற்பாட்டையும் மாற்றிவிட்டார். எனக்கு ரோஷம் வரவில்லை. "அந்தப் பொட்டு வைச்சவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். "நெற்றி எதெண்டு பார்த்து வைச்சிருக்கிறார் மனுசன்."

தெருமுனையில் மோட்டாரை நிறுத்திவிட்டு குணாளன் அண்ணனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தங்கச்சி! ஐயா ரொம்பத் திட்டிட்டாரா? நான் வேணா பஸ் புடிச்சு வந்து..."

திட்டுவதற்கு என்னிடம் எத்தனையோ வார்த்தைகள் உண்டு. இதற்கு ஒன்றும் கைவசம் இல்லை.

"அண்ணே, தப்பு என் மேலதான். உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் சுத்தியல் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி," என்றார் அண்ணன், பயந்துபோன குரலில், "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. சனிக்கிழமை செபராங் ஜெயாவுல வேலை இருக்கு. குங்குமம் எடுத்துட்டு வாங்க. இன்னும் ஏழு நெத்தி பாக்கி இருக்கு."